குன்னூர் அலமாரியில் ஒரு ஜோடி தோல் ஷூ

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்து நாலைந்து நாள் ஆனதும் அலமாரியைத் திறந்தால், போன மாதம் கல்யாணத்துக்குப் போட்டுக் கழற்றிவைத்த கறுப்பு ஷூவின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். "பூசணம் பிடிச்சிருச்சு" என்று ஈரத்துணியைத் தேடுவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. கொஞ்சம் பொறுக்கலாம். அந்த வெள்ளையில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வெதுவெதுப்பான காற்றை அரை நிமிடம் அந்த வெள்ளையின் மேல் விட்டுப் பார்க்க வேண்டும். உருகி மறைந்துபோனால் அது பூசணமே இல்லை, கொழுப்பு. தோலைப் பதனிடும்போது மிருதுவாக இருக்கட்டும் என்று எண்ணெய் ஊட்டுகிறார்கள். அதிலுள்ள ஸ்டீயரிக், பால்மிட்டிக் அமிலங்கள் குளிர் தாக்கியதும் மேலே ஏறி வந்து படிகமாக உறைகின்றன. ஊட்டி, குன்னூர் மாதிரி ஊர்களில் மார்கழி, தை மாதங்களில் இது சகஜம். காய்ந்த துணியால் துடைத்து, பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் தீர்ந்தது. சூட்டுக்கு மறையாமல் பஞ்சு பஞ்சாக நிற்கிறது, பூதக்கண்ணாடியில் பார்த்தால் நூல் நூலாகத் தெரிகிறது, மக்கிய வாடையும் அடிக்கிறது என்றால் அதுதான் பூஞ்சை. பெரும்பாலும் பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகையறா. அதை வீட்டுக்குள் வைத்துத் தட்டக் கூடாது. வித்துகள் பறந்து போய்ப் பக்கத்து ஷூவிலும் பெல்ட்டிலும் உட்கார்ந்துகொள்ளும். வாசலுக்குக் கொண்டுபோய்த் துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒரு முறை ஒற்றி எடுத்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.

நல்ல தோல் ஷூவைப் பராமரிப்பது என்றதும் எல்லோருக்கும் பாலீஷ் டப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறது. சமவெளியில் அது ஓரளவு சரி. நீலகிரியில் பாலீஷ் கடைசி வேலை. முதல் வேலை, தோலுக்குள் போய் வரும் தண்ணீரைக் கவனிப்பது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கத்தை நனைக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் திரும்புகிறது. மழை இல்லாத நாளில் மூடுபனி. ஷூவுக்கு ஓய்வான மாதங்கள் குறைவு.

தோலுக்குத் தண்ணீரோடு அப்படி என்ன உறவு? பதில் ஓரளவு சென்னையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்-கதிரில் படம் பிடித்து, அந்தப் புரதம் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்குக் கயிறு என்று 1954, 1955-ல் 'நேச்சர்' இதழில் வந்த இரண்டு கட்டுரைகளில் எழுதினார்கள். மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தால்தான் இழைகள் அவ்வளவு நெருங்கிச் சுற்ற முடியும். அந்தக் கயிற்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், பருமன் ஒன்றரை. இந்தக் கயிறுகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்து நாராகி, நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கொண்டதுதான் ஷூவின் மேல்தோல். நார்களுக்கு நடுவே எங்கும் இடைவெளி. அங்கேதான் தண்ணீர் குடியிருக்கிறது. சாதாரணக் காற்றில் கிடக்கும் தோலிலேயே, தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும், எடையில் ஏழில் ஒரு பங்கு வரை தண்ணீர் இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். தோல் ஷூ போட்ட கால் ரெக்ஸின் ஷூ போட்ட கால் போல் வெந்து போகாததற்கும் இதுதான் காரணம், பூசணம் பூப்பதற்கும் இதுதான் காரணம்.

பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகும், ஷூ அழுகாது. நடுவில் நடக்கும் ரசாயனத்தைத் தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்ததும் நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பு ஒரு சிறிய பதனிடும் வேலை. தேயிலையின் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதங்களைக் கட்டிப் பிடித்து, வழவழப்பைப் பறித்துவிடுகின்றன. அவை தேடிப் பிடிக்கும் புரதங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் அதிகம். கொலாஜனிலும் அது அதிகம். மரப்பட்டையில் உள்ள டானின் என்ற பாலிஃபீனாலும் இதேபோல் தோலுக்குள் புகுந்து, நாருக்கும் நாருக்கும் இடையே பாலம் போட்டு, கிருமிகள் கடித்துத் தின்ன முடியாதபடி ஆக்குகிறது.

தமிழ்நாட்டுத் தோல் தொழிலுக்குக் காலங்காலமாக அந்த டானினைக் கொடுத்தது ஆவாரம்பட்டை. பிறகு வந்து சேர்ந்தது நீலகிரியின் சீகை மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்த வாட்டில் இது. அதன் பட்டையில் டானின் மிகுதி என்பதால் பிற்பாடு தோல் தொழிலுக்காகவே புல்வெளிகளில் நட்டார்கள். தேயிலையின் கேட்டச்சின்களும் சீகைப் பட்டையின் டானினும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதே சீகை பின்னால் மலையின் புல்வெளிகளையும் சோலைகளின் ஓரங்களையும் விழுங்கி, நீதிமன்றம் வரை வழக்குப் போய், இன்று வெட்டி அகற்றப்படுகிறது. தோலுக்கு நல்லது செய்த மரம் மலைக்குச் செய்தது நல்லதல்ல.

இன்றைக்கு உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி பட்டையில் அல்ல, குரோமிய உப்பில் பதமாகிறது. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தயாரான ஒரு நல்ல ஷூவைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் இருக்கும்: மேல்தோல் குரோம், உள்ளங்கால் படும் இன்சோலும், அசல் தோல் அடி என்றால் அதுவும், பட்டையில் பதனிட்டவை. இந்த வித்தியாசம் நெருப்புக்கு முன்னால்தான் வெளிப்படும்.

பங்களாக்களில் கணப்பு உண்டு. மழையில் நனைந்து வந்த ஷூவைக் கணப்புக்கு எதிரே வைத்துக் காயவைப்பது துரைமார் காலத்திலிருந்து வரும் பழக்கம். ஷூவைக் கொல்ல இதைவிட உறுதியான வழி கிடையாது. நனைந்த கொலாஜன் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் முறுக்கு அவிழ்ந்து சுருண்டுகொள்ளும். பச்சைத் தோலுக்கு அந்த எல்லை 60 டிகிரி செல்சியஸை ஒட்டி. பட்டையில் பதனிட்டதற்கு 70-லிருந்து 85 வரை. நல்ல குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். ஆகவே மேல்தோல் பிழைத்துக்கொள்ள, உள்ளே இன்சோல் விறைத்து, ஓரம் தூக்கி, தையல் இழுபட்டுப் போகிறது. சூடு அவ்வளவு ஏறாவிட்டாலும் இன்னொரு கெடுதல்: வெளிப்பக்கம் மட்டும் வேகமாகக் காய்கிறது. வற்றிப்போன நார்கள் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த முறை விரல் மடங்கும் இடத்தில் வெடிப்பு.

செய்ய வேண்டியது சோம்பேறி வேலை. நாடாவைக் கழற்றி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிக்க வேண்டும். மூக்குப் பக்கம் வரை போக வேண்டும். ஆனால் தோல் புடைக்கும் அளவுக்கு அல்ல. வெளிர் நிற உள்துணி என்றால் அச்சு மை ஒட்டாமல் இருக்க முதலில் ஒரு வெற்றுத்தாளைச் சுற்றிக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரத்தில் தாள் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், மாற்ற வேண்டும். ஷூவை நிற்க வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டால் அடித்தோலும் மூச்சு விடும். ஓர் இரவில் காயும் என்று நினைக்க வேண்டாம். மலையில் இரண்டு இரவு ஆகும்.

அலமாரிக்குள் பல்பு எரியும் வீடுகளை இங்கே பார்க்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு இது மின்சாரத்தை வீணடிப்பதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் அதிகபட்சம் சுமார் 9.4 கிராம் நீராவியைத் தாங்க முடியும். 20 டிகிரியில் 17.3 கிராம். ஊட்டியின் பனி இரவில் 10 டிகிரியில் முழுக்க நனைந்த காற்று அலமாரிக்குள் இருக்கிறது, ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு ஈரத்தைக்கூட வெளியே எடுக்காமல் அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும், ஒப்பு ஈரப்பதம் 54 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பூஞ்சை முளைக்க ஏறக்குறைய 70 சதவீதமாவது வேண்டும். நாற்பது வாட் குண்டு பல்பு இந்தக் காரியத்தை எந்தச் சத்தமும் இல்லாமல் செய்துவந்தது. துணி மேலே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வில்லங்கம் எல்.இ.டி. உருவில் வந்தது. குண்டு பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போனது. அலமாரிக்கு வேண்டியதும் அந்தச் சூடுதான். அதன் இடத்தில் ஐந்து வாட் எல்.இ.டி.யை மாட்டினால் வெளிச்சம் நன்றாக இருக்கும், பூசணமும் நன்றாக வளரும். வசதியுள்ளவர்கள் ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரை வாங்குகிறார்கள். ஷூ பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குள் மட்டுமே உதவும். திறந்து மூடும் அலமாரியில் அது சில நாளிலேயே நிரம்பிவிடும். நாப்தலின் உருண்டை துணிப்பூச்சிக்கானது. அதைப் பூசணத்துக்குக் காவலாக நம்புவதில் பயனில்லை.

பூசணம் தோல் கம்பெனிகளுக்கும் பெரிய தலைவலி. கப்பலில் வாரக்கணக்கில் கன்டெய்னருக்குள் கிடக்கும் ஷூவும் சோபாவும் இறங்கும்போது பூத்துப் போயிருக்கும். இதற்காகச் சில தயாரிப்பாளர்கள் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்தார்கள். சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கும் ஷூ போட்டவர்களுக்கும் தோல் கொப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் அதற்குத் தடை போட்டது.

பூஞ்சைக்குத் தோலைவிடத் தோலின் மேலிருப்பதுதான் பிடித்த சாப்பாடு. வியர்வை, தூசி, எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய். சமவெளிப் பழக்கத்தில் "தோல் காயக் கூடாது" என்று தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவிவைப்பவர்கள் மலையில் பூஞ்சைக்கு விருந்து வைக்கிறார்கள். காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் தோல் வறண்டு போவது அபூர்வம். வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் வறண்ட மாசி, பங்குனியில், கண்டிஷனர் துளி அளவு தேய்த்தால் தாராளம். சோப்பும் வேண்டாம். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோப்பு காரம்.

இனி பாலீஷ் டப்பாவைத் திறக்கலாம். உள்ளே இருப்பது சில மெழுகுகள், அவற்றைக் கரைக்கும் ஆவியாகும் திரவம், நிறம். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து உதிர்த்தெடுக்கும் கார்னோபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். பளபளப்பையும் கடினத்தையும் அது தருகிறது. தேன்மெழுகு 62-லிருந்து 64 டிகிரியில் உருகுவது, மிருதுவானது, நெகிழ்ச்சி கொடுப்பது. தேன்மெழுகை மட்டும் பூசினால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும், கார்னோபாவை மட்டும் பூசினால் ஓடு போல் உடையும். இரண்டும் சேர வேண்டும்.

தேன்மெழுகுக்குப் பிரேசில் வரை போக வேண்டாம். நீலகிரிச் சரிவுப் பாறைகளில் மலைத்தேனீ கட்டும் பெரிய அடைகளைக் குறும்பரும் இருளரும் கயிற்றேணியில் இறங்கி எடுக்கிறார்கள். தேன் பிழிந்த பிறகு மிஞ்சும் அடையை உருக்கினால் மெழுகு. 1993-ல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அமைப்பு இந்தத் தேன் சேகரிப்போர் மத்தியில் வேலை செய்துவருகிறது.

கரைப்பானாகப் பழைய பாலீஷ்களில் இருந்தது டர்பன்டைன், பைன் மரத்தின் சரக்கு. அதன் வேதிச் சொந்தம் ஒன்று ஊட்டிக் கடைகளில் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருக்கிறது: நீலகிரித் தைலம். இரண்டும் டெர்பீன் குடும்பம். 1843-ல் கேப்டன் காட்டன் இந்த மலையில் நட்டுத் தொடங்கிவைத்த யூகலிப்டஸ், உள்ளூர்க்காரர்களுக்குக் கற்பூர மரம், அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் முக்கியப் பொருள் சினியோல். இது மெழுகையும் பிசுக்கையும் கரைக்கும். வருஷக்கணக்கில் அப்பிப்போன பழைய பாலீஷை எடுக்கத் துணியில் இரண்டு சொட்டு போதும். மூன்றாவது சொட்டு நிறத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடலாம். எனவே குதிகாலில் யாரும் பார்க்காத இடத்தில் முதலில் தேய்த்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பளபளப்பின் இயற்பியலுக்குக் குன்னூரை அடுத்த வெலிங்டன்தான் சரியான இடம். ஜகதளா என்று இருந்த ஊருக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். அவர் லண்டன் செருப்புத் தொழிலாளியிடம் சொல்லிச் செய்யவைத்த கன்றுத்தோல் பூட்ஸும் அவர் பெயரையே பெற்றது. பிற்பாடு ரப்பரில் வந்த கம்பூட்ஸைப் பிரிட்டனில் இன்றும் 'வெலிங்டன்' என்கிறார்கள். மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவது அந்தப் பிரபுவின் வம்சாவளி. பூசணம் பிடிக்காத பூட்ஸ் என்று பார்த்தால் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. அணிவகுப்பு பூட்ஸின் மூக்கில் முகம் தெரிய வேண்டும் என்பது உலகெங்கும் ராணுவங்களின் பழைய பிடிவாதம். தோலின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மயிர்க்கால் குழிகளும் மேடுகளும் நிறைந்தது. ஒளியின் அலைநீளம் 400-லிருந்து 700 நானோமீட்டர். மேடுபள்ளம் அந்த அளவோடு ஒப்பிடும்படி இருக்கும்வரை ஒளி நாலா பக்கமும் சிதறும், பரப்பு மங்கலாகத் தெரியும். மேடுபள்ளத்தை அதைவிட மிகச் சிறிதாக்கிவிட்டால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பும், பூட்ஸ் கண்ணாடியாகிவிடும். மெழுகு செய்வது பள்ளம் நிரப்பும் வேலை.

ஒரேயடியாக அப்பினால் நிரம்பாது. பருத்தித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பாலீஷில் லேசாகத் தொட்டு, சிறு சிறு வட்டமாகத் தேய்த்து, ஒரு படலம் உலர்ந்ததும் அடுத்தது. இரண்டு மூன்று படலத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். தண்ணீரும் மெழுகும் ஒட்டாது. ஆகவே நனைந்த துணியில் மெழுகு ஏறாமல், கீழே உள்ள படலத்தையே மெருகேற்றுகிறது. பழைய சிப்பாய்கள் எச்சிலைத் துப்பித் தேய்த்ததில் ரகசியம் எதுவும் இல்லை, அந்த ஈரம்தான் சரக்கு. ஊட்டிக் குளிரில் டப்பாவில் மெழுகு கல்லாகிக் கிடக்கும். அதற்கு டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். தீக்குச்சியைக் கொளுத்தி டப்பாவுக்குள் போடும் வீரர்களும் உண்டு. ஆவியாகும் கரைப்பான் பற்றிக்கொள்ளும் என்பதால் அந்த வீரம் தேவையில்லை.

கண்ணாடிப் பளபளப்பை மூக்கிலும் குதிகாலிலும் மட்டும்தான் ஏற்ற வேண்டும். அந்த இரண்டு இடங்களுக்குள் விறைப்பான அட்டையோ தோலோ வைத்துத் தைத்திருப்பதால் அவை மடங்குவதில்லை. விரல்கள் மடங்கும் நடுப்பகுதியில் அத்தனை படலம் ஏற்றினால் பத்து அடி நடப்பதற்குள் மெழுகு நொறுங்கி வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். அங்கே கிரீம் பாலீஷை மெல்லிசாகத் தடவி பிரஷ் போட்டால் போதும். பஞ்சு முனையுள்ள பாட்டிலில் வரும் திரவ பாலீஷ் அவசரத்துக்கு ஆகும். அது பெரும்பாலும் அக்ரிலிக் படலம், பிளாஸ்டிக் பூச்சு மாதிரிதான். திரும்பத் திரும்பப் பூசினால் தோல் ஈரத்தை வெளியே விட முடியாமல் உள்பக்கமாகப் பூசணம் வைக்கும், மடிப்பில் உரியவும் உரியும்.

நல்ல மழை நாளில் கண்ணாடிப் பளபளப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மெழுகின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆனால் மேல்தோலையும் அடித்தோலையும் இணைக்கும் தையல் ஓட்டை ஒவ்வொன்றும் திறந்த வாசல். படலத்தின் மேல் காய்ந்த சொட்டு ஒவ்வொன்றும் ஒரு மங்கல் வட்டத்தை விட்டுப் போகும். அதை உடனே பாலீஷ் போட்டு மூடக் கூடாது. முதலில் செய்தித்தாள், இரண்டு இரவு, பிறகு பிரஷ், அதற்கப்புறம் டப்பா.